யுகே-ல எம்ப்ளாய்மென்ட் லா புரொபசர் ஆகணும்னு கேட்ட தம்பிக்கு

லேபர் கோர்ட்ல ப்ராக்டிஸ் பண்றேன், செப்டம்பர்ல எல்எல்எம் (சட்டத்துல மாஸ்டர்ஸ்) படிக்க யுகே வரேன், அப்படியே எம்ப்ளாய்மென்ட் லா புரொபசரா செட்டில் ஆகலாமா, வீடு குளிரெல்லாம் எப்படின்னு கேட்டிருக்கீங்க தம்பி. குளிர் பழகிடும், வீட்டைப் பத்தி யூட்யூப்ல ஆயிரம் பேர் பேசறான், விடுங்க.

எல்எல்எம் முடிச்சா லெக்சரர் வேலைன்னு ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க, பெரும்பாலும் பிஎச்டி கேப்பாங்க. லெக்சரர், சீனியர் லெக்சரர், ரீடர்னு ஏறி கடைசிலதான் புரொபசர். அதுக்கு முன்னாடி மணிக்கணக்கு காண்ட்ராக்ட்னு ஒரு பள்ளம் இருக்கு, அதை எவனும் சொல்ல மாட்டான். நானும் அதுல கிடந்துதான் வந்தேன். ஊபர் டிரைவருங்க 2021-ல இங்கத்த சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்ச கேஸை கிளாஸ்ல பாடமா நடத்துவேன், எம்ப்ளாயி (முழு உரிமை உள்ளவர்) யாரு வொர்க்கர் (சில உரிமை மட்டும் உள்ளவர்) யாருன்னு போர்டுல கட்டம் கட்டி. நான் எந்தக் கட்டம்னு என் காண்ட்ராக்ட்டைப் படிச்சா எனக்கே புரியாது. டெர்ம் முடிஞ்சா கிளாஸும் இல்ல காசும் இல்ல. வாரத்துக்கு இத்தனை மணின்னு கியாரண்டி உண்டா, பேப்பர் திருத்தறதுக்குத் தனியா காசு உண்டான்னு எழுத்துல வாங்கிட்டு கையெழுத்து போடுங்க. ஸ்டூடன்ட் விசால டெர்ம் நேரத்துல வாரம் 20 மணிதான், அதையும் மறந்துடாதீங்க.

நம்ம ஐடி மக்கள் "இங்க வந்து லாவா"ன்னு சிரிப்பாங்க. அவங்களை வேலையை விட்டுத் தூக்கினா மட்டும் ராத்திரில போன் வரும், அதுவும் கெடு தாண்டின பிறகு. வேலை வழக்கை விசாரிக்கிற டிரிபியூனலுக்குப் போக மூணு மாசத்துல ஒரு நாள் குறைச்சல்ங்கிறதுதான் இத்தனை வருஷமா கெடு, அதை ஆறு மாசமாக்க 2025-லதான் சட்டம் போட்டாங்க. ஹெச்ஆர் நல்லா பேசினாங்கன்னு சும்மா இருந்தேன்பாங்க, என்னத்த சொல்ல.

ஊர்ல 240 நாள் வேலை செஞ்சவரைத் தூக்கினது தப்பு, பேக் வேஜஸோட (பாக்கி சம்பளத்தோட) ரீஇன்ஸ்டேட்மென்ட் (அதே வேலை திரும்ப) வேணும்னு நீங்க வாதாடினது வீண் போகாது. இங்க டிரிபியூனல் வேலையைத் திருப்பிக் குடுக்கறது அபூர்வம், காசைக் குடுத்து முடிச்சிடுவாங்க. அந்த வித்தியாசத்துலயே பிஎச்டி டாபிக் இருக்கு.

வெளியாளுக்கு இந்த சப்ஜெக்ட் எதுக்குன்னு எவனாவது கேட்டா ஓட்டோ கான்-ஃப்ராயிண்ட் பேரைச் சொல்லுங்க. பெர்லின்ல லேபர் கோர்ட் ஜட்ஜ், கம்யூனிஸ்ட்னு துரத்தின ரேடியோ ஊழியர்கள் பக்கம் 1933-ல தீர்ப்பு சொன்னவர், நாஜிங்க அவரையே வேலையை விட்டுத் தூக்கினாங்க. லண்டன் வந்து எல்எஸ்இ-ல (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) மறுபடி மாணவனா உக்காந்து, அங்கேயே புரொபசராகி, அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு. லேபர் லா புரொபசர் பாப் ஹெப்பிளும் 1963-ல தென்னாப்பிரிக்காவுல கைதாகி, தப்பிச்சு வந்தவர்தான்.

நீங்க வந்ததும் டிரிபியூனல்ல போய் பின்னாடி உக்காருங்க, யார் வேணா போலாம். நான் பிஎச்டி பண்ணப்ப ஒரு கிளீனர் அம்மா வக்கீல் இல்லாம தானே வாதாடினாங்க, மடிச்சு மடிச்சு கிழிஞ்ச ரோட்டா (ஷிப்ட் அட்டவணை) தாளை ஒவ்வொண்ணா எடுத்து வெச்சு. ஜட்ஜ் பொறுமையா வாராவாரம் மணியைக் கூட்டிப் பாத்தார். இப்பவும் என் ஸ்டூடன்ட்ஸைக் கூட்டிட்டுப் போறேன், பாதிப் பேர் போனை நோண்டிட்டிருக்கான்.