ஆரக்கிள் பேக்கப் பதிவுகளை எங்கே வைப்பது: கண்ட்ரோல் ஃபைலிலா, தனி கேட்டலாக்கிலா?

ஆரக்கிள் தரவுத்தளத்தின் பேக்கப் கருவியான ஆர்மேன் (RMAN) மூலம் எடுக்கும் பேக்கப்புகளின் பதிவுகள், தரவுத்தளத்தின் அமைப்பு விவரங்களைத் தாங்கும் கண்ட்ரோல் ஃபைலிலேயே இருந்தால் போதுமா, அந்தப் பதிவுகளைத் தனியே சேமிக்கும் ரெக்கவரி கேட்டலாக் தேவையா, தேவை என்றால் அதை எந்த சர்வரில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சர்வரே போய்விட்ட ஒரு நாளை மனதில் வைத்து முடிவெடுங்கள். எந்த பேக்கப் எங்கே இருக்கிறது என்று சொல்ல அன்றைக்கு எது மிஞ்சியிருக்கும்?

ஒன்றிரண்டு தரவுத்தளங்கள்தான் என்றால் கண்ட்ரோல் ஃபைலே போதும் என்பேன். ஆனால் கண்ட்ரோல் ஃபைலைத் தானாக நகலெடுத்து வைக்கும் ஆட்டோபேக்கப் வசதியைக் கட்டாயம் இயக்கி வையுங்கள். அந்த நகல் வேறு சேமிப்பகத்துக்கும் போய்ச் சேர வேண்டும். தரவுத்தளத்தின் அடையாள எண்ணான டிபிஐடியையும் (DBID) அந்த சர்வருக்கு வெளியே குறித்து வையுங்கள். கேட்டலாக் இல்லாத நிலையில் எல்லாக் கண்ட்ரோல் ஃபைல்களும் அழிந்துவிட்டால், ஆட்டோபேக்கப்பிலிருந்து மீட்க ஆர்மேனுக்குப் பொதுவாக அந்த எண்ணைத்தான் முதலில் கொடுக்க வேண்டியிருக்கும். ஆட்டோபேக்கப் கோப்பின் இயல்பான பெயரில் டிபிஐடி இருக்கும் என்பது உண்மைதான். நெருக்கடி நேரத்தில் அதைத் தேடிக்கொண்டிருப்பானேன்?

பலர் கவனிக்காமல் விடுவது, பதிவுகளைக் காக்கும் கால அளவை. கண்ட்ரோல்_ஃபைல்_ரெக்கார்டு_கீப்_டைம் என்ற அளவுருவின் இயல்பு மதிப்பு 7 நாள். 7 நாள் ஆனவுடன் பதிவு அழிந்துவிடாது. ஆனால் புதிய பதிவுக்கு இடம் தேவைப்பட்டால் பழையதன் மேல் எழுதப்படலாம். 30 நாள் வரை பின்னோக்கி மீட்க வேண்டும் என்று கொள்கை வகுத்துவிட்டு இதை 7 நாளிலேயே விட்டால், பேக்கப் கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கும், ஆர்மேனுக்கு மட்டும் அது தெரியாமல் போகலாம். வாரம் ஒரு முழு பேக்கப் என்றால் 30 உடன் இரண்டு பேக்கப்புகளுக்கு இடையிலான 7 நாளையும் சேர்த்து, சற்றுக் கூடுதலாக 45 என்று வையுங்கள். உச்ச வரம்பு 365. விடுபட்ட கோப்புகளை 'கேட்டலாக் ஸ்டார்ட் வித்' கட்டளையால் மீண்டும் பதிவில் சேர்க்கலாம், கோப்புகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்.

தரவுத்தளங்கள் பல, அல்லது ஓராண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டிய பேக்கப்புகள் உண்டு என்றால் கேட்டலாக் அமையுங்கள். 'கீப் ஃபாரெவர்' என்று நிரந்தரமாக வைக்கும் பேக்கப்புகளுக்கு அது கட்டாயம். முதன்மைத் தரவுத்தளத்துக்கு (பிரைமரி) மாற்று நகல் (ஸ்டாண்ட்பை) ஒன்றை வைத்திருக்கும் டேட்டா கார்டு சூழலில், இரண்டின் பேக்கப்புகளையும் ஆர்மேன் சேர்த்து நிர்வகிக்கவும் கேட்டலாக் வேண்டும்.

அதை வைக்கும் இடத்தில்தான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காக்க வேண்டிய தரவுத்தளத்துக்குள்ளேயே கேட்டலாக் ஸ்கீமாவை (அதன் அட்டவணைகளின் தொகுப்பை) உருவாக்காதீர்கள். இரண்டும் ஒன்றாகப் போய்விடும். தனித் தரவுத்தளம், தனி சர்வர், தனி வட்டுகள் வேண்டும். விர்ச்சுவல் மெஷின் என்றால், அடியில் இருக்கும் சேமிப்பகம் உண்மையிலேயே வேறா என்று விசாரியுங்கள். பெயரில் இரண்டு சர்வர்கள், அடியில் ஒரே சேமிப்பகம் என்ற அமைப்பு வெகு சாதாரணம். இயன்றால் வேறு கட்டடத்தில் வையுங்கள்.

கேட்டலாக் தரவுத்தளத்துக்கும் பேக்கப் வேண்டும். மாற்றங்களைப் பதியும் கோப்புகளைக் காப்பகப்படுத்தும் ஆர்க்கைவ்லாக் முறையில் அதை இயக்கி, அதன் பேக்கப் பதிவுகளை அதன் கண்ட்ரோல் ஃபைலிலேயே விட்டுவிடுங்கள். தன்னை மீட்கத் தன்னையே நம்பியிருக்கும் கேட்டலாக்கால் பயனில்லை. அதன் ஆட்டோபேக்கப்பும் டிபிஐடி குறிப்பும் மூன்றாவது ஓரிடத்தில் இருக்கட்டும்.

கேட்டலாக் எட்டாத இரவில் பேக்கப்பே நின்றுவிடுமே என்ற பயம் தேவையில்லை. அப்போது 'நோகேட்டலாக்' முறையில் பேக்கப் எடுக்கும்படி ஸ்கிரிப்டை எழுதிவையுங்கள். இணைப்பு திரும்பியதும் 'ரீசிங்க் கேட்டலாக்' கொடுத்தால் கண்ட்ரோல் ஃபைலில் உள்ள பதிவுகள் அங்கே போய்ச் சேரும். மேலே சொன்ன காப்புக் காலம் முடிவதற்குள் அதைச் செய்துவிடுங்கள்.