வேர் முழுக்க நீலம், பூஞ்சை மட்டும் தெரியவில்லையா?

செய்முறை வகுப்பில் மக்காச்சோள வேர் முழுக்க நீலமாகிறது, வேருக்குள் வாழும் வேர்ப்பூஞ்சை (மைக்கோரைசா) தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சாயத்தில் குறையில்லை, நீங்கள் எழுதிய செய்முறை வரிசையில் அமிலக் கட்டம் விடுபட்டிருக்கிறது. 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 90 டிகிரியில் வெந்த வேரில் அந்தக் காரம் (அமிலத்துக்கு எதிரான பொருள்) தங்கிவிடும். டிரைபான் புளூ என்ற அந்த நீலச் சாயம் அமிலத்தில்தான் பூஞ்சையிழையை நன்றாகப் பிடிக்கும். அதனால் வேரைத் தண்ணீரில் நாலைந்து முறை அலசி, 1% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் போடுங்கள். அதன்பின் தண்ணீரில் கழுவவே கூடாது, நேராக 0.05% சாயம். பிறகு ஓர் இரவு லாக்டோகிளிசராலில் (லாக்டிக் அமிலம், கிளிசரால், தண்ணீர் சேர்ந்த கலவை) ஊறினால் மிகுதி நீலம் இறங்கிவிடும்.

தடித்த வேர் வேண்டாம், மெல்லிய பக்கவேர்களை 1 செ.மீ. துண்டாக வெட்டுங்கள். இடுக்கியில் எடுக்கும்போதே தோல் உரிந்து குழைந்தால் காரத்தில் நேரம் கூடிவிட்டது.

டிரைபான் புளூ புற்றுநோய் அபாயமுள்ள பொருள். மாணவர் கையில் கொடுக்க 5% கறுப்புப் பேனா மை கலந்த வினிகரே மேல். காரத்தில் வெந்து அலசிய வேர் அதில் 3 நிமிடம் கொதித்தால் போதும், தனி அமிலக் கட்டமும் தேவைப்படாது.