வக்கீல் பதில்கள்: கதை இருக்கு, தீர்ப்பு எங்கே?

கேள்வி: சேலத்தில் சட்டம் நாலாம் வருஷம் படிக்கிறேன். தீர்ப்பு எழுதும் பயிற்சிக்கு வகுப்பில் ஒரு கற்பனை வழக்கு கொடுத்தார்கள். ஏற்காட்டில் காபி எஸ்டேட் வழியாக முப்பது வருஷமாக நடந்த பாதையில் கேட் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள், பின்னால் நிலம் வைத்திருப்பவர் தாவா (சிவில் வழக்கு) போடுகிறார். நான் ஆறு பக்கம் எழுதி வாதிக்குச் சாதகமாக டிகிரி (தீர்ப்பாணை) கொடுத்தேன். 'கதை இருக்கு, தீர்ப்பு எங்கே?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார் சார். வாதி ஜெயித்தது தப்பா?
- பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி

பதில்: யார் ஜெயித்தாலும் சாருக்கு ஒன்றுதான். நீங்கள் அனுப்பிய பிரதியைப் படித்தேன். வழக்குரையையும் எதிருரையையும் நாலு பக்கத்துக்கு அப்படியே இறக்கிவிட்டு, கடைசியில் 'ஏழை விவசாயிக்கு வேறு வழியில்லை, ஆகவே தாவா டிகிரி' என்று முடித்திருக்கிறீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 20 விதி 4 கேட்பது வழக்கின் சுருக்கம், தீர்மானிக்க வேண்டிய பிரச்சினை, அதன் மேல் முடிவு, முடிவுக்குக் காரணம். முதலாவதிலேயே உங்கள் பேப்பர் தீர்ந்துபோச்சு.

கோளாறு எழுவினாவில், அதாவது நீதிமன்றம் தீர்மானிக்க எடுத்துக்கொள்ளும் கேள்வியில் இருக்கிறது. 'வாதிக்கு வழி உரிமை உண்டா?' என்று மொட்டையாகப் போட்டால் பதிலும் மொட்டையாகத்தான் வரும். 1882 ஈஸ்மென்ட் சட்டம் (அடுத்தவர் நிலத்தின் மேல் வழி போன்ற உரிமைகள் பற்றியது) 15வது பிரிவுப்படி 20 வருஷம் வெளிப்படையாக, தடங்கல் இல்லாமல், உரிமையோடு நடந்திருக்க வேண்டும், அந்த 20 வருஷமும் தாவா போடுவதற்கு முந்தைய 2 வருஷத்துக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் கேள்வி, உரிமையோடு நடந்தாரா, எஸ்டேட்காரர் அனுமதியில் நடந்தாரா என்பதுதான். இப்போது வாதி தரப்பு இரண்டாம் சாட்சியின் குறுக்கு விசாரணையை எடுங்கள். 'மேனேஜர்கிட்ட சொல்லிட்டுத்தான் மூட்டை இறக்குவோம்' என்கிறார். வழக்கே இந்த வரியில் நிற்கிறது, நீங்கள் அதைத் தொடவே இல்லை! சொல்லிவிட்டுப் போவது அனுமதி வாங்குவது ஆகுமா, இல்லை மலையில் அக்கம்பக்கத்தார் காட்டும் மரியாதையா? எந்தப் பக்கம் போனாலும் சரி, ஆனால் எதனால் என்று எழுதுங்கள், கேட் எப்போது போட்டார்கள், அதுவரை யாராவது தடுத்தார்களா என்பதை மற்ற சாட்சியங்களோடு வைத்துப் பாருங்கள். நிரூபிக்கும் பொறுப்பு வாதியுடையது என்பதையும் ஒரு வரி சேருங்கள். ஏழை, பணக்காரர் பேச்சை அடித்துவிடுங்கள், அது வக்கீல் வாதத்தில் வரலாம். இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒருவரிடம் இருந்து பிரிந்ததாக வழக்குரையில் இருந்தால் வேறு வழியில்லாததால் வரும் வழி உரிமை பற்றிய 13வது பிரிவும் வரும், அதற்குத் தனி எழுவினா.

கேள்வி: இதைத் தமிழில் எழுதலாமா?
- அதே வாசகர்

பதில்: தாராளமாக. ஆட்சிமொழிச் சட்டத்தின் 1976 திருத்தத்துக்கு அப்புறம் கீழமை நீதிமன்றத் தீர்ப்புகளுக்குத் தமிழ் உண்டு, உயர்நீதிமன்றத்தில்தான் ஆங்கிலம். ஆனால் சிவில் நீதிபதி தேர்வு எண்ணம் இருந்தால் இரண்டிலும் பழகுங்கள், மெயின் தேர்வில் தீர்ப்பு எழுதுவதோடு மொழிபெயர்ப்புத் தாளும் இருக்கிறது.