பீட்டில்ஸின் ‘பென்னி லேன்’ பாட்டில் வரும் இடங்கள் நிஜமா?

எல்லாமே நிஜ இடங்கள்தான். பென்னி லேன் என்பது லிவர்பூலின் தெற்குப் பக்கத்தில் உள்ள ஒரு தெரு. ஆனால் ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைத் தெருவுக்கு மட்டுமல்ல, அது போய்ச் சேரும் பஸ் நிறுத்தத்துக்கும் சுற்றியுள்ள கடைகளுக்கும் சேர்த்தே சொல்வார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் ஜான் லெனனும் பையன்களாக இருந்தபோது பஸ் மாறியது அங்கேதான். சலூன், வங்கி, ரவுண்டானா நடுவே இருந்த நிழற்குடை என்று பாட்டில் வருவதெல்லாம் பஸ்ஸுக்குக் காத்து நின்றவன் கண்ணில் பட்டவை. தீயணைப்பு நிலையம் மட்டும் அங்கே இல்லாமல், கொஞ்சம் தள்ளி மேதர் அவென்யூவில் இருந்தது. அதையும் இழுத்து வந்து பாட்டுக்குள் வைத்துவிட்டார், இதை எழுதிய பால்.

கல்லூரி விடுதியில் ஒரு நண்பனின் கேசட்டில்தான் இதை முதலில் கேட்டேன். வரிகளை நோட்டில் எழுதிப் பார்த்தால் எனக்கு ஒரே குழப்பம். நீல வானம் என்கிறார், ஆனால் மழை கொட்டுகிறது. ஒரு இடத்தில் கோடை என்று வருகிறது, இன்னொரு இடத்தில் ஒரு நர்ஸ் தட்டில் பாப்பி பூ விற்கிறாள். போரில் இறந்தவர்களை நினைத்துச் சட்டையில் குத்திக்கொள்ளும் பூ அது, நவம்பர் 11-ஐ ஒட்டித்தான் விற்பார்கள். கவனிக்காமல் எழுதிவிட்டாரோ என்று அப்போது நினைத்தேன். அப்புறம் நானே ஊரை விட்டு வந்து, வருஷக்கணக்கில் திரும்பிப் போகாமல் இருந்து, ஒரு ராத்திரி மறுபடி கேட்டபோதுதான் பிடிபட்டது: இது ஒரு நாளைப் பற்றிய பாட்டே இல்லை, அந்த முக்கில் அவர் நின்ற எல்லா நாட்களும் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன.

பாலின் அம்மா மேரி ஒரு நர்ஸ். 1956 அக்டோபர் 31 அன்று, பாலுக்கு 14 வயதாக இருக்கும்போது இறந்துபோனார். பாட்டில் வருவது அவர்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வரி வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

1967 பிப்ரவரியில் வந்த இந்த இசைத்தட்டின் மறுபக்கமும் சொந்த ஊர்தான்: லெனன் வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட் குழந்தைகள் இல்லம். அதை வைத்து ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ என்ற அந்தப் பாட்டை லெனன் ஸ்பெயினில் ஒரு படப்பிடிப்புக்குப் போயிருந்தபோது எழுதினார். இவ்வளவு அருமையான இரண்டு பாட்டுகள் இருந்தும் பிரிட்டனின் முக்கியமான விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. முதலிடத்தைப் பிடித்து வைத்திருந்தவர் பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க், அவர் பிறந்தது நம் மெட்ராஸில்.

சரி, அடுத்த முறை கேட்கும்போது தீயணைப்பு வீரர் வரும் இடத்தில் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். மேதர் அவென்யூவில் இருக்க வேண்டிய அந்த மணி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே அடிக்கும்.