தங்கையின் வலிப்பும் அம்மா கொடுக்கும் பொடியும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பர்மாவில் தன்லினிலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்கு வயது 19. வலிப்பு நோய்க்காக நான்கு ஆண்டுகளாகப் பினைட்டாயின் மாத்திரை சாப்பிடுகிறாள். இரண்டு மாதமாக அம்மா, நாட்டு வைத்தியர் ஒருவர் தந்த பொடியைத் தேனில் குழைத்து இரு வேளையும் கொடுக்கிறார். முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டையை அரைக்கும் கல்லில் சுட்ட வசம்பை உரைத்து நாக்கிலும் தடவுகிறார். வலிப்பு குறைந்திருக்கிறது, ஆனால் நடக்கும்போது தங்கை தள்ளாடுகிறாள். "அது மாத்திரையின் சூடு, நிறுத்திவிடுங்கள்" என்கிறார் வைத்தியர். நிறுத்தலாமா? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள மகளுக்கு,

நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால், ஒரு வலிப்பு அடங்குமுன் அடுத்தது தொடங்கி, நில்லாமல் நீளும் நிலை வரக்கூடும். அதில் உயிர் போவதும் உண்டு. அதே சமயம் அந்தத் தள்ளாட்டத்தையும் சும்மா விடக்கூடாது. பொடிப் பொட்டலத்தையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள்.

நான் மருத்துவன் அல்லன். வலிப்பு நோய் இருந்த அண்ணனோடு வளர்ந்தவன். நாங்கள் பெகுவில் இருந்தபோது, உங்கள் வைத்தியரைப் போன்ற ஒருவருடைய பேச்சைக் கேட்டு அப்பா மாத்திரையை நிறுத்தினார். எட்டு நாள் ஒன்றும் ஆகவில்லை, வீடே மகிழ்ந்தது. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் தொடங்கிய வலிப்பு, சைக்கிள் ரிக்சாவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நிற்கவில்லை. பாட்டி அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்திருந்தார். அதை அவன் இறுக்கிய இறுக்கத்தில் சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்து தழும்பாகி, கடைசிவரை மறையவில்லை.

இனி அந்தப் பொடியைப் பற்றி. நாட்டுப் பொடிகள் பலவற்றில் மிளகும் திப்பிலியும் சேர்ந்திருக்கும். இவ்விரண்டிலும் உள்ள பைப்பரின் என்னும் காரப்பொருள், இரத்தத்தில் பினைட்டாயினின் அளவை உயர்த்துகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பினைட்டாயினைப் பொறுத்தவரை பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மிஞ்சினால் கண்மணி ஆடும், பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும். வலிப்பு குறைந்ததும் நடை கெட்டதும் ஒரே காரணத்தால் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு: இந்தியாவில் வலிப்புக்கென்று விற்ற மூலிகைப் பொடிகள் சிலவற்றைச் சோதித்தபோது, ஃபீனோபார்பிட்டோன் போன்ற ஆங்கில வலிப்பு மருந்துகளே கலந்திருந்தது தெரியவந்தது. அப்படி இருந்தால் பொடியைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே இரண்டில் எதை, எவ்வளவு குறைப்பது என்பதை, இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். வசம்பை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். பிள்ளை வளர்ப்பான் என்று நாம் கொண்டாடும் அதில் பீட்டா அசரோன் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

மூலிகை என்றாலே ஆகாது என்று நான் சொல்லவில்லை. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடையால் என்னும் பொருள், கடுமையான இருவகை வலிப்புகளுக்கு மருந்தாக 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அது சோதித்து, அளவு நிர்ணயித்துக் கொடுக்கப்படுவது. பர்மியர் 'மியின் குவா யுவெட்' என்று கலந்து உண்ணும் வல்லாரையைத் தங்கை உணவாக உண்ணட்டும். ஈர நிலத்துக் கீரை என்பதால் நன்றாக அலசுங்கள், ஏனெனில் அசுத்தமான கீரையோடு உள்ளே போகும் நாடாப்புழு முட்டை மூளையில் கட்டியாகி வலிப்பை உண்டாக்குவது நம் பக்கத்து நாடுகளில் சாதாரணம்.

பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. நாம் இதைக் காக்காய் வலிப்பு என்கிறோம், பர்மியர் பன்றியின் பெயரால் 'வெட் யூ பியான்' என்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான், கல்யாண வயதுப் பெண் இருக்கும் வீட்டில் ஆஸ்பத்திரிச் சீட்டை மறைக்கிறோம். மறைத்து வைப்பதற்கு மாத்திரையைவிடப் பொடி எளிதாக இருக்கிறது. சரியான மருந்து கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்து எட்டாதவர்களுக்காக அது நடத்திய திட்டத்தின் நான்கு நாடுகளில் பர்மாவும் ஒன்று. உங்கள் தங்கைக்கு மருந்து எட்டியிருக்கிறது, அதை நழுவவிடாதீர்கள்.

அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். மகள் துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல்தான் அவர் கல்லில் உரைக்கிறார். அந்தக் கைக்கு வேறு வேலை கொடுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்க்கட்டும்; ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிதான். கரியடுப்பருகே தங்கையைத் தனியே விட வேண்டாம். பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் இரவு கண்விழிக்க வேண்டாம், தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், முதல்நாள் தூங்கினாளா என்று ஒரு நோட்டில் அம்மா சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

நாளை மருத்துவரிடம் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பக்கத்துக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது என்றெல்லாம் கேட்பார்கள். அருகிலேயே இருந்து பார்த்தவர் அவர்தான்.