நான்கு வயதுப் பிள்ளையை ஞாயிறு பூசைக்கு (திருப்பலிக்கு) கூட்டிப் போகலாமா, விவரம் தெரியும்வரை வீட்டில் விடலாமா?

கூட்டிப் போங்கள். அழுதாலும் ஓடினாலும் கூட்டிப் போங்கள். உங்கள் மகன் பூசையில் ஓடுகிறான், பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

நான் பாம்பன் தீவில் ஒரு கத்தோலிக்க மீனவர் பங்கை (ஒரே கோயிலுக்கு உட்பட்ட சபையை) சேர்ந்தவள். ஞாயிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது வேதபாடம், எடுக்கிறேன். எங்கள் பக்கம் சனிக்கிழமை கடலுக்குப் போகிற விசைப்படகுகள் ஞாயிறு காலைதான் கரைக்கு வரும். அதனால் பூசையில் அப்பாக்கள் குறைவு. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று அம்மாக்கள்தான் வந்து நிற்போம். என் மூத்தவனுக்கு மூன்று வயது இருக்கும்போது ஒருநாள் பிரசங்க நேரத்தில் வீறிட்டு அழுதான். முன்னால் இருந்த ஓர் அம்மா திரும்பி, "பிள்ளைய அடக்க முடியலன்னா ஏன் கோயிலுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?" என்றார். பிள்ளையை வீட்டில் நிறுத்தப் போய் நானும் நின்றுவிட்டேன். ஐந்து மாதம் பூசை இல்லை.

என் மாமியார்தான் அதை மாற்றினார். "கடைசியில நின்னா அவனுக்கு என்ன தெரியும்? எல்லாரு முதுகுந்தான் தெரியும். முன்னால கொண்டு போ" என்று சொல்லி, அவரே அவனைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அவன் மெழுகுதிரியைப் பார்த்தான், சாமியார் அப்பத்தை உயர்த்துவதைப் பார்த்தான், பூசை உதவிப் பையன் மணி அடிப்பதைப் பார்த்தான். அடுத்த வாரம் அந்த மணிக்காகவே காத்திருந்தான். ஒரு மாதத்துக்குள் வீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு டம்ளரை இரண்டு கையாலும் உயர்த்த ஆரம்பித்துவிட்டான். ஓரியூர்த் திருத்தலத்துக்குக் கூட்டிப் போனபோதும் இப்படித்தான். அந்தச் செம்மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு "இது ஏன் சிவப்பா இருக்கு?" என்று கேட்டான். 1693-இல் மறைபோதகர் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே தலை வெட்டுண்டு இறந்ததையும், அவர் ரத்தம் பட்டுத்தான் மண் சிவந்தது என்று நம் ஜனங்கள் நம்புவதையும் சொன்னேன். இன்றுவரை மறக்கவில்லை.

"சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள். அவர்களைத் தடுக்காதீர்கள்" என்ற வசனம் எல்லோருக்கும் தெரியும். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே இதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் இயேசு அப்போது கோபப்பட்டார் என்று மாற்கு மட்டும்தான் சொல்கிறார். பிள்ளைகளை அதட்டிய சீடர்கள் மேல்தான் அந்தக் கோபம். இதை மறைக்கல்வியில் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறேன்.

விவரம் தெரிந்த பிறகு பார்க்கலாம் என்ற எண்ணம் திருச்சபைக்குள்ளும் வெகுகாலம் இருந்தது. பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளுக்குப் புதுநன்மை (முதல்முறை நற்கருணை அப்பம்) கொடுக்காமல் வைத்திருந்தார்கள். 1910-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர்தான் ஏழு வயதை ஒட்டிக் கொடுக்கலாம் என்று ஆக்கினார். சிறுவருக்கான திருப்பலி பற்றி 1973-இல் ரோமிலிருந்து ஒரு வழிகாட்டி வந்தது. பெரியவர்கள் பூசையில் பிள்ளைகளும் இருந்தால் குருவானவர் அவர்களைப் பார்த்தும் பேசவேண்டும் என்கிறது அது. சிறுவர் பூசைகளில், அவர்களுக்குப் புரிகிற மாதிரிப் பேச குருவானவருக்குச் சிரமமாக இருந்தால், நற்செய்திக்குப் பிறகு பெரியவர் ஒருவர் பேசலாம் என்றுகூட இருக்கிறது. கைக்குழந்தைகளைத் தனி அறையில் பார்த்துக்கொண்டு கடைசி ஆசீருக்குக் கொண்டுவரலாம் என்றும் சொல்கிறது. ஆகவே தனி அறையே தப்பு என்று நான் சொல்லவில்லை. நான்கு வயதுப் பிள்ளை பூசை முழுவதும் அங்கேயே இருந்து வளர்வதுதான் எனக்குச் சம்மதமில்லை.

வேலை கொடுத்தால் பிள்ளைகள் நிற்பார்கள். எங்கள் பங்கில் சின்னவர்கள் பாட்டுப் புத்தகம் கொடுப்பார்கள், காணிக்கைப் பவனியில் பூவும் பழமும் கொண்டுபோவார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் மன்றாட்டு வாசிப்பார்கள். அப்படி ஒரு ஞாயிறு, இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளையின் முறை வந்தது. அவள் அப்பா எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணத்துச் சிறையில் இருந்தார். கடல் தொழிலாளர்களுக்காக நான் எழுதிக் கொடுத்ததைத் திக்கித் திக்கி வாசித்து முடித்தவள், தாளை மடக்கிவிட்டு, "எங்க அப்பாவ சீக்கிரம் அனுப்பி வைங்க ஆண்டவரே" என்றாள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுக்க அன்றைக்குச் சொன்ன சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அந்த வாரம் யாரும் எந்தப் பிள்ளையையும் அதட்டவில்லை.

உங்கள் மகனுக்கு வருகிறேன். கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுங்கள். நன்மை வாங்கும் முன் ஒரு மணி நேரம் சாப்பிடக்கூடாது என்பது நன்மை வாங்குகிறவர்களுக்குத்தான். செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள். பீடம் தெரிகிற இடத்தில் உட்காருங்கள், நடப்பதைக் காதோடு சொல்லுங்கள். அழுதால் வெளியே தூக்கிப் போங்கள், அடங்கியதும் அதே இடத்துக்குத் திரும்பி வாருங்கள். உங்கள் வீட்டிலும் கடல் தொழில் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அவன் அப்பாவோடு உட்காரட்டும். அப்பா சிலுவை போடுவதைப் பார்த்துப் போடுகிற பிள்ளைகளை நான் வருடாவருடம் பார்க்கிறேன்.

தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் உங்கள் பங்கு மறைக்கல்வி ஆசிரியையிடம் கேளுங்கள்: "அடுத்த ஞாயிறு எங்க பக்கத்துல உட்காருறீங்களா?" யாராவது அப்படிக் கேட்டால் நான் போய் உட்காருவேன்.