பிரஷருக்குப் பின்னால ஹோர்மோன் இருக்கா? வாசகர் கேள்விகளும் பதிலும்

டொக்டர், எனக்கு 36 வயசு, களுவாஞ்சிக்குடிப் பக்கம். லொசார்ட்டன், அம்லோடிபின், எச்.சி.ரி மூண்டும் போடுறன், அப்பவும் 160/100க்குக் கீழ இறங்குதில்ல. கிளினிக்ல உப்பக் குறைங்க எண்டு மட்டும்தான் சொல்றாங்க. ஹோர்மோன் பிரச்சினையா இருக்குமா?

இருக்கலாம் தம்பி, நல்லாவே இருக்கலாம். ஆனா முதல்ல வீட்டுல வெச்சு ஒரு கிழமைக்கு காலையும் பின்னேரமும் பிரஷர் பாத்து எழுதுங்க, குளிசை ஒரு நாளும் தவறாமப் போடுறீங்களா, இடுப்பு வலிக்கு டைக்லோபினாக் ஏதும் எடுக்கிறீங்களா எண்டும் பாருங்க, ஏனெண்டா அதுவே பிரஷர ஏத்திரும். இதெல்லாம் சரியா இருந்தும் மூண்டு குளிசைக்கு அடங்கல்ல எண்டா அடுத்த சந்தேகம் அல்டஸ்டிரோன் எண்ட ஹோர்மோன்லதான்.

சிறுநீரகத்துக்கு மேல தொப்பி வெச்ச மாதிரி அட்ரினல் சுரப்பி இருக்கு, அல்டஸ்டிரோன் அங்க இருந்துதான் வருது. உப்பையும் தண்ணியையும் உடம்புல பிடிச்சு வெச்சிட்டு பொட்டாசியத்த சிறுநீர்ல தள்ளுறதுதான் அதிர வேல. வழமையா சிறுநீரகம் விடுற ரெனின் எண்ட பொருள் சொன்னாத்தான் அது சுரக்கும், அல்டஸ்டிரோன் கூடுற இந்த வருத்தத்துல ரெனின் படுத்துக் கிடக்கும், அல்டஸ்டிரோன் தன்ட பாட்டுக்கு ஓடும். அமெரிக்காவில ஜெரோம் கொன் எண்ட டொக்டர் 1955லயே இத எழுதிட்டார், ஆனா கன காலமா இது அபூர்வமான வருத்தம் எண்டுதான் எங்களுக்கும் படிப்பிச்சாங்க. இத்தாலியில டூரின் பக்கம் சாதாரண குடும்ப டொக்டர்மார்ட்ட வந்த பிரஷர்காரர சோதிச்சு 2017ல வெளியிட்ட ஆய்வுல கிட்டத்தட்ட 6 வீதமானவங்களுக்கு இது இருந்திருக்கு. மூண்டு குளிசைக்கும் அடங்காத ஆக்கள்ல அஞ்சுல ஒரு ஆள் வரைக்கும் வரும். ஒரே அளவு பிரஷர் உள்ள மத்தவங்கள விட இவங்களுக்கு பாரிசவாதம், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீரகச் சேதம் எல்லாம் கூட.

2025ல வந்த அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி (ஹோர்மோன் டொக்டர்மார்ட சங்கம்) வழிகாட்டி, பிரஷர் உள்ள எல்லாருக்கும் இத ஒருக்காப் பாருங்க எண்டு சொல்லுது. எங்கட பக்கம் அதுக்கு இன்னும் நாள் எடுக்கும், செலவும் இருக்கு. என்னக் கேட்டா 40க்கு முதலே பிரஷர் வந்தவங்க, மூண்டு குளிசைக்காரர், பொட்டாசியம் குறைஞ்சவங்க, ஸ்கேன்ல அட்ரினல்ல கட்டி கண்டவங்க, குடும்பத்துல இளவயசுல பாரிசவாதம் வந்தவங்க, இவங்களயாவது விடக்கூடாது. நீங்க இதுல ரெண்டுல நிக்கிறீங்க. அடுத்த கிளினிக்குக்கு எழுதின பிரஷர் கொப்பியோட போய், அல்டஸ்டிரோன் ரெனின் டெஸ்ட் செய்யலாமா எண்டு நேராக் கேளுங்க.

பொட்டாசியம் 4.1, நோர்மல். அப்ப எனக்கு அந்த அல்டஸ்டிரோன் வருத்தம் இல்லத்தானே?

அப்படிச் சொல்ல ஏலாது. இந்த வருத்தம் உள்ளவங்கள்ல பாதிக்கு மேல ஆக்களுக்கு பொட்டாசியம் நோர்மல்தான். ரத்தம் எடுக்கக்குள்ள கையப் பொத்திப் பொத்தி விரிச்சாலும் பொட்டாசியம் பொய்யாக் கூடிக் காட்டும்.

அல்டஸ்டிரோன் ரெனின் டெஸ்டுக்கு வாகரையில இருந்து டவுனுக்கு வந்துதான் ரத்தம் குடுக்கணும். வெறும் வயித்துல வரணுமா? குளிசைய நிப்பாட்டணுமா?

வெறும் வயிறு தேவல்ல, சாப்பிட்டுட்டே வாங்க. காலையில எழும்பி ஆகக் குறைஞ்சது ரெண்டு மணித்தியாலம் ஆகணும், படுக்காம இருந்தாச் சரி, உங்களுக்கு அது பஸ்லயே முடிஞ்சிரும். லாப்ல வந்து ஒரு 10 நிமிசம் கதிரையில இருந்துட்டு குடுங்க. டெஸ்டுக்கெண்டு உப்பக் குறைக்காதீங்க, குறைச்சா ரெனின் கூடி வருத்தம் மறைஞ்சு போகும். பொட்டாசியம் குறைவெண்டா முதல்ல அதச் சரிப்படுத்தணும்.

குளிசையத் தானா நிப்பாட்டவே வேணாம். அட்டினோலோல், பிசோப்ரோலோல் ரெனினக் குறைச்சு இல்லாத வருத்தத்தக் காட்டும், லொசார்ட்டன், எனலாப்ரில், எச்.சி.ரி ரெனினக் கூட்டி இருக்கிறத மறைக்கும். அதால லொசார்ட்டன் போட்டும் ரெனின் அடியில கிடந்தா எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும். அனேகமா குளிசையோடயே முதல் டெஸ்டச் செய்யலாம், குழப்பமா வந்தா டொக்டர் ப்ராசோசின் இல்லாட்டி வெராபமில் மாத்தித் தந்து திரும்பப் பாப்பார். லாப் பிள்ளைகளுக்கும் ஒண்டு, பிரிக்க முதல் அந்த ரத்தத்த ஐஸ்ல வெக்காதீங்க, குளிருல ரெனின் பொய்யாக் கூடும்.

எங்கட உம்மாக்கு 58 வயசு, காத்தான்குடி. முட்டு வருத்தத்துக்கு பாமசில கலவைக் குளிசை எடுக்கிற, இருமலுக்கு அதிமதுரம் அவிச்சுக் குடிக்கிற. இப்ப முகம் ஊதி பிரஷரும் கூடிட்டு. ஹோர்மோன் டெஸ்ட் எல்லாம் செய்யவா?

டெஸ்டுக்கு முதல் அந்தக் குளிசைப் பையக் கொண்டு வாங்க. பேரில்லாத கலவையில பிரட்னிசொலோன், டெக்சாமெதசோன் மாதிரி ஸ்டீரோயிட் இருந்தா முகம் ஊதும், பிரஷரும் சீனியும் ஏறும், தோல் தொட்டாலே கண்டிப் போகும். ஆனா மாசக்கணக்கா எடுத்தவங்க சட்டெண்டு நிப்பாட்டினா ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும், டொக்டர்ட பார்வையில. ஸ்டீரோயிட் எடுக்காத ஆளுக்கு இப்படி வந்தாத்தான் ராவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெதசோன் குடுத்து அடுத்த நாள் காலம கோட்டிசோல் எண்ட அட்ரினல் ஹோர்மோனப் பாக்கிறது.

அதிமதுரம் அதிகமாக் குடிச்சா அல்டஸ்டிரோன் வருத்தம் மாதிரியே வேஷம் போடும், பொட்டாசியம் இறங்கி பிரஷர் ஏறும், டெஸ்ட்ல ரெனினும் அல்டஸ்டிரோனும் ரெண்டுமே குறைவா இருக்கும். அத நிப்பாட்டச் சொல்லுங்க, மூலிகைதானே எண்டு விடாதீங்க.

இடைக்கிட திடீரெண்டு நெஞ்சு படபடத்து, வேர்த்து, தலையிடிச்சு, முகம் வெளிறிப் போகுது. அந்த நேரம் பிரஷர் 200. கூட்டாளி ஒருத்தன்ட ப்ரோப்ரனலோல் இருக்கு, போடலாமா?

போடாதீங்க. பியோகுரோமோசைட்டோமா எண்ட அட்ரினல் கட்டியா இருந்தா ப்ரோப்ரனலோல் மாதிரி பீட்டா புளொக்கர (இதயத் துடிப்பக் குறைக்கிற குளிசை) மட்டும் போட்டா பிரஷர் இன்னும் ஏறிரும். அபூர்வமான வருத்தம்தான், பயத்தாலயும் இப்படி வரும், ஆனாலும் உங்கட கதைக்கு அந்தக் கட்டியக் கண்டுபிடிக்கிற மெட்டனெப்ரின் டெஸ்ட் கட்டாயம் செய்யணும். இந்தக் கிழமையே போதனா வைத்தியசாலையில போய்க் காட்டுங்க.

அல்டஸ்டிரோன் டெஸ்ட் பொசிட்டிவ் வந்திட்டு. ஒப்பரேசனா?

உடன இல்ல. அனேகமா ஒரு உறுதிப்படுத்துற டெஸ்ட், அதுக்குப் பிறகு சீ.ரி ஸ்கேன், சில பேருக்கு ரெண்டு பக்க அட்ரினல் ரத்த நாளத்துலயும் ரத்தம் எடுத்துப் பாக்கிறது. ஒரு பக்கம் மட்டுமெண்டா அந்த அட்ரினல எடுத்தா அனேகமான ஆக்களுக்கு பிரஷர் இறங்கும், சிலருக்கு குளிசையே தேவைப்படாது. ரெண்டு பக்கமுமெண்டா, இல்ல ஒப்பரேசன் விருப்பமில்லயெண்டா ஸ்பைரோனோலக்டோன், மலிவான குளிசை. ஆம்பிளைகளுக்கு மார்பு நோகலாம், நெஞ்சு பெருக்கலாம், வெக்கத்துல மறைக்காம சொன்னா எப்லெரெனோன் மாத்தலாம். துவங்கினவுடன பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி எண்டு காட்டுற கிரியட்டினினும் பாக்கணும், லொசார்ட்டனும் சேத்துப் போடுற ஆக்களுக்கு பொட்டாசியம் கூடி இதயத்தையே குழப்பும், அதால அந்த ரிப்போர்ட் வாறவரைக்கும் பொட்டாசியம் உள்ள இளநீர நாளுக்கு ரெண்டு மூண்டு எண்டு இறக்காதீங்க.